வாப்பாவுக்குத் தெரிய வேண்டாமா?

மரணம் வந்தே தீரும் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், நம் வீட்டுப் பெரியவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் நாம் முதலில் செய்வது, அதை அவரிடமிருந்து மறைப்பதுதான். "வாப்பாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டார்" என்கிறோம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அந்த அன்பு அவரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீர்க்க வேண்டிய கடன், ஒப்படைக்க வேண்டிய அமானிதம், எழுத வேண்டிய வஸிய்யத், மன்னிப்புக் கேட்க வேண்டிய உறவு ஆகியவற்றை அவரே அறிவார். காலம் குறைவு என்று அறியாதவர் இவற்றை எவ்வாறு முடிப்பார்?

இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் கடுமையாக நோயுற்றார்கள். நலம் விசாரிக்க வந்த நபி (ஸல்) அவர்களிடம், தம் சொத்தை எவ்வளவு தர்மம் செய்யலாம் என்று கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்கே அதிகம் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தாத நிலையில் விட்டுச்செல்வதே சிறந்தது என்றும் நபியவர்கள் விளக்கினார்கள். நோய்ப்படுக்கையருகே நடந்த அந்தப் பேச்சு ஸஅத் (ரலி) அவர்களின் ஆயுளைக் குறைத்துவிடவில்லை. அவர்கள் நலம் பெற்று, காதிஸிய்யாப் போரில் படைக்குத் தலைமை தாங்கி, பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள்.

மருத்துவமனைகளில் 'பேலியேட்டிவ் கேர்' எனப்படும் நோய் ஆதரவுச் சிகிச்சையையும் இதே அச்சத்தோடுதான் பார்க்கிறோம். "கைவிட்டுவிட்டார்கள்" என்று மனம் உடைகிறோம். உண்மையில் அது வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண், மனக்கலக்கம் ஆகியவற்றைத் தணிக்கும் மருத்துவம். நோய்க்கான சிகிச்சை நடக்கும்போதே அதையும் தொடங்கலாம்.

மார்ஃபின் கொடுத்தால் உயிர் விரைவில் பிரியும், கலிமா சொல்லவும் நினைவிருக்காது என்று சிலர் அஞ்சுகின்றனர். மருத்துவர் வலிக்கேற்ப அளந்து தரும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. தொடக்கத்தில் வரும் மயக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும். வலியில் துடிப்பவரைவிட, வலி தணிந்தவருக்கே தொழவும் திக்ர் செய்யவும் எளிது. நோயைப் பொறுத்துக்கொள்வதற்கு நற்கூலி உண்டு. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அதே நபியவர்கள்தாம்.

அண்டை மாநிலமான கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இப்பணி, முஸ்லிம்கள் மிகுந்த மலப்புரத்தில் மக்கள் இயக்கமாகவே வளர்ந்தது. பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தார் நோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்க்கின்றனர். தமிழகத்திலும் 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இச்சேவை அடங்கும். நோயாளியை நலம் விசாரிப்பதை ஒரு கடமையாகக் கொண்ட நம் ஜமாஅத்துகள், இதில் பயிற்சி பெற இளைஞர்களை அனுப்பலாமே!

உண்மையை ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "உங்கள் உடல்நிலை பற்றி எந்த அளவுக்குத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று முதலில் அவரிடமே கேட்போம். பல வேளைகளில் அவர் முன்பே உணர்ந்திருப்பார். நமக்காக மௌனம் காத்திருப்பார். அந்த மௌனத்தைக் கலைப்பதும் பெற்றோருக்கு நாம் செய்யும் பணிவிடையே.

நம் அனைவருக்கும் அழகிய முடிவை அல்லாஹ் அருள்வானாக!