காற்றை மறைப்போம், கேஸ் டின்னை மறைக்க வேண்டாம்



பெருநாள் லீவும் பாடசாலை லீவும் வந்துவிட்டால் எமதூர் இளைஞர்கள் வேன் பிடித்துக்கொண்டு புறப்படுவது இப்போது வழமையாகிவிட்டது. பாசிக்குடா, அறுகம்பை, ரிவஸ்டன், நக்கிள்ஸ் என்று போகிறார்கள். கூடவே கூடாரம், சின்னக் கேஸ் குக்கர், ஊறப்போட்ட கோழி. நல்ல விஷயம்தான். போனோடு அறைக்குள் முடங்கிக் கிடப்பதைவிட நாலு பேராகச் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது எவ்வளவோ மேல். ஆசிரியர்களாகிய நாங்களும் பிள்ளைகளை அப்படித்தான் வெளியே கூட்டிப்போக ஆசைப்படுகிறோம்.

ஆனால் ஒரு விடயத்தை மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. அடுப்புக்குக் காற்று மறைப்பு வைக்கும் விடயம்.

சின்ன விடயம் என்று நினைக்காதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் கடற்கரையில் ஒரு கேத்தில் பிளேன்டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவாலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கும். கேஸ் எரிந்துகொண்டே இருக்கும், கேத்திலோ சூடேறாது. அரை டின் கேஸ் காற்றோடு போகும். ஆகவே மறைப்பு கட்டாயம் தேவை. அது இல்லாதபோது என்ன செய்கிறார்கள்? அடுப்பைத் தூக்கிக் கூடாரத்துக்குள் வைக்கிறார்கள், அல்லது வேனுக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். இது அதைவிட மோசம். மூடிய இடத்தில் ஒட்சிசன் குறையும்போது எரிபொருள் முழுமையாக எரியாமல் காபனோரொட்சைட்டு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றும், தூக்கம் வரும், தூங்கியவர் எழும்பாமலே போகலாம்.

சரி, மறைப்பு வைப்போம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்ததாகச் செய்வது என்ன? வீடியோவில் வெளிநாட்டுக்காரர் அடுப்பைச் சுற்றி வட்டமாகத் தகடு நிறுத்தியிருப்பார். அதைப் பார்த்து நம் பிள்ளைகளும் அப்படியே சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். எங்கள் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

அந்த வீடியோக்களில் வரும் அடுப்புகளில் பல, ஸ்பிரிட்டில் எரிபவை. சுவீடன் நாட்டின் ட்ராங்கியா அடுப்பு அதற்குப் பேர்போனது. 1951இல் வந்த அதன் வடிவமைப்பில் காற்று மறைப்பு அடுப்பின் ஓர் அங்கமாகவே இருக்கிறது. அதில் அமுக்கத்தில் அடைத்த வாயு இல்லை, ஒரு சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் மட்டுமே எரிகிறது. சில பெற்றோல் அடுப்புகளில் எரிபொருள் போத்தல் குழாய் வழியாக எட்டத்தில் இருக்கும். அவற்றில் சுடரைச் சுற்றி மறைத்தாலும் போத்தல் மறைப்புக்கு வெளியேதான்.

எங்கள் பிள்ளைகள் கொண்டுபோவது அப்படியானதல்ல. ஒன்று, கேஸ் டின் பக்கத்தில் படுத்திருக்கும் பெட்டி அடுப்பு. அல்லது, டின்னின் தலையில் நேரடியாகத் திருகிப் பூட்டும் சின்ன அடுப்பு. இரண்டிலும் நெருப்புக்கும் டின்னுக்கும் இடையில் சில அங்குலம்தான். அதைச் சுற்றித் தகட்டால் மூடினால் சூடு வெளியேற வழியில்லாமல் டின்னில் ஏறும்.

டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் திரவ நிலைப் பியூட்டேன். சாதாரண அமுக்கத்தில் அதன் கொதிநிலை பூச்சியத்துக்கும் சற்றுக் கீழே. அதாவது எமது நாட்டு வெப்பநிலையில் அது எப்போதும் ஆவியாகத் துடித்துக்கொண்டு, அமுக்கத்தினால் மட்டுமே திரவமாக அடங்கிக் கிடக்கிறது. 30 பாகையிலிருந்து 50 பாகை செல்சியசுக்குச் சூடேறினால் உள்ளே அமுக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. டின்னில் 50 பாகைக்கு மேல் சூடுபட விடவேண்டாம் என்று அச்சிட்டிருப்பதன் காரணம் இதுதான். அந்தச் சின்ன எழுத்தை எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்?

பெட்டி அடுப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அகலமான தாச்சியை வைத்தால் அதன் விளிம்பு டின் இருக்கும் பக்கத்துக்கு மேலால் நீண்டு, சூட்டைக் கீழே அடிக்கிறது. இரண்டு அடுப்பை ஒட்டிவைத்து ஒரு பெரிய பாத்திரத்தை ஏற்றுவதும் இதே கதை. முப்பது பேருக்குச் சமைக்க வேண்டுமென்றால் குழாய் பூட்டிய பெரிய அடுப்பும் தள்ளிவைத்த சிலிண்டரும்தான் பொருத்தம்.

இனி, மறைப்பை வாங்குவதா, செய்வதா?

கடையில் மடிக்கும் அலுமினியத் தகடு மறைப்பு கிடைக்கிறது. எட்டு, ஒன்பது, பத்துப் பலகை கொண்டது, இரு முனையிலும் நிலத்தில் குத்தக் கம்பி இருக்கும். பாவிக்கலாம், குறையில்லை. ஆனால் அது முழு வட்டமாக மூடக்கூடிய நீளத்தில் வருகிறது. நீளம் இருக்கிறதே என்று மூடிவிடக் கூடாது.

எங்கள் அபிப்பிராயம், செய்வதே நல்லது. செலவு குறைவு என்பது ஒரு காரணம். தன் கையால் செய்யும் பிள்ளைக்கு எந்தப் பக்கம் ஏன் திறந்திருக்க வேண்டும் என்பது விளங்கிவிடும் என்பதே பெரிய காரணம். பெரிய பிஸ்கட் டின்னை வெட்டி விரித்த தகடு போதும், மெல்லிய அலுமினியத் தகடும் போதும். உயரம், அடுப்பில் வைத்த பாத்திரத்தின் பாதி வரை வந்தால் சரி. வெட்டிய ஓரங்களைக் குறட்டால் மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். இரு முனையையும் சுருட்டி உள்ளே பழைய சைக்கிள் கம்பியைச் செருகினால் மணலில் குத்தி நிறுத்தலாம். காட்போட், பலகை, பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம்.

வைக்கும் முறை இதுதான். காற்று வரும் பக்கம் மட்டும், அடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி. எதிர்ப்பக்கம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். காற்று சுவாலையை டின் பக்கம் தள்ளாதபடி பெட்டி அடுப்பைத் திருப்பி வையுங்கள். இடைக்கிடை டின்னைத் தொட்டுப் பாருங்கள். திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் டின் குளிர்ந்துகொண்டு போகவேண்டும். இது நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் பாடம்தான். டின் சுடுகிறது என்றால் எங்கோ பிழை. உடனே அடுப்பை அணைத்துவிட்டு, எல்லோரும் விலகி நில்லுங்கள், ஆறவிடுங்கள்.

"இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, மூன்று கல்லை வைத்து விறகில் சமைக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். ஈரமணல் கடற்கரையில் சரி. ஆனால் வரட்சிக் காலத்தில் பதுளைப் பக்கத்து மானாப்புல் மலைகள் பற்றி எரிவதை வருடா வருடம் பார்க்கிறோம். ஒரு தணல் பறந்தால் மலையே போய்விடும். அங்கே மறைப்பு வைத்த கேஸ் அடுப்பே மேல், அதுவும் புல் இல்லாத வெறுந்தரையில்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை நாடே மறந்திருக்காது. வீடுகளில் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்தி ஒவ்வொரு நாளும் வந்தது. ரெகுலேட்டரில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்க்க வீட்டிலுள்ள எல்லோரும் பழகினோம். வீட்டுச் சிலிண்டருக்கு அவ்வளவு கவனம் எடுத்த நாம், பிள்ளையின் பேக்கில் போகும் டின்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆகவே மூன்று தரப்பிடமும் கேட்கிறோம். ட்ரிப்புக்குப் பொறுப்பாக இருக்கும் காக்காமார்களே, சமையலை யார் பார்ப்பது என்று புறப்படும் முன்பே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், இந்த முறையை அவருக்குக் காட்டிக் கொடுங்கள். கடைக்காரச் சகோதரர்களே, அடுப்பை விற்கும்போது "சுற்றி மூடாதீங்க தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெற்றோர்களே, எத்தனை பேர் போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று கேட்கும்போதே எதில் சமைக்கப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள்.

அடுத்த ட்ரிப்புக்கு ஆயத்தமாகும் தம்பிமார் உங்கள் வீட்டில் இருந்தால் இதை வாசிக்கக் கொடுங்கள். வீட்டில் பிஸ்கட் டின் இருந்தால் வீசிவிடாமல் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.