ஒலிப்பெட்டி வாங்குமுன் சுவரைப் பாருங்கள்!



சென்ற மாதம் நடைபெற்ற எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. கேட்டல் பயிற்சி நடைபெறும் சிற்றறைக்குப் புதிய ஸ்டீரியோ ஒலிப்பெட்டிகள் வாங்க 4,800 ரிங்கிட் ஒதுக்குவது என்பதே அது. எதிர்த்துக் கை உயர்த்தியவன் நான் ஒருவன்தான். "பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வசதியை ஓர் ஆசிரியரே தடுக்கலாமா?" என்று ஒரு தாயார் வருந்திக் கேட்டார். அவருக்கு அன்று இரண்டு மணித்துளிகளில் சொல்ல இயலாததை இன்று இங்கே எழுதுகிறேன்.

அந்த அறை எத்தகையது? நீளம் 4 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 3 மீட்டர். நான்கு புறமும் சாந்து பூசிய செங்கற்சுவர். தரையில் பளிங்குபோன்ற ஓடு. சன்னலெங்கும் கண்ணாடி. நம் பள்ளிகள் பலவற்றில் குறைநீக்கல் வகுப்புக்கு ஒதுக்கப்படுவதும் இத்தகைய சிறு சதுர அறைதான். அவ்வறையில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய கை ஓய்ந்த பின்னும் ஓசை ஓயாது.

அங்கே அமர்ந்த ஒரு மாணவன் சொல்வதெழுதுதலில் 'பள்ளி' என்றால் 'பல்லி' என்று எழுதினான். 'மணம்' என்றால் 'மனம்' என்று எழுதினான். கவனமில்லாதவன் என்று பெயர் வாங்கினான். உண்மையைச் சொல்லவேண்டும், அவன் ஏட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டவர்களுள் நானும் ஒருவன். ஒருநாள் அறை கிடைக்காமல் அதே பட்டியலை மரத்தடியில் வைத்து வாசித்தேன். பத்தில் எட்டுச் சொற்களைப் பிழையின்றி எழுதினான். பிழை அவன் செவியிலா, நம் சுவரிலா?

அறிவியல் என்ன சொல்கிறது? 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியரிடம் அதைச் சீராக்கும் பணி வந்தது. அவர் ஒலிபெருக்கியைத் தேடவில்லை. அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் சுமந்து வந்து அடுக்கினார். எத்தனை மெத்தைக்கு எதிர்முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அறையின் கன அளவு, உறிஞ்சும் பரப்பு ஆகிய இரண்டே எதிர்முழக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்று கண்டார். அவருடைய வாய்பாட்டில் ஒலிப்பெட்டியின் விலைக்கு இடமில்லை!

அவ்வாய்பாட்டை நம் அறைக்கு இட்டுப் பார்த்தேன். வெறும் அறையில் ஓசை அடங்க ஏறத்தாழ 2 விநாடி ஆகிறது. வகுப்பறைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் பரிந்துரைத்த அளவோ 0.6 விநாடி. முந்தைய அசையின் முழக்கம் அடங்குமுன் அடுத்த அசை வந்து அதன்மேல் விழுகிறது. லகரமும் ளகரமும் எங்ஙனம் தனித்து ஒலிக்கும்? ஒலியைக் கூட்டினால் முழக்கமும் உடன் கூடும். பாழ்பட்ட நீரைப் பெரிய குழாயில் விடுவதால் நீர் தூயதாகுமோ?

சதுர அறைக்கு மற்றுமொரு கேடும் உண்டு. நீளமும் அகலமும் ஒன்றாகையால் இரு திசையிலும் ஒரே சுரங்கள் அதிர்கின்றன. 4 மீட்டருக்கு அவை ஏறத்தாழ 43, 86 ஹெர்ட்ஸ். அறையின் நட்ட நடுவில் முதலாவது மறைகிறது. இரண்டாவது வீங்கி ஒலிக்கிறது. மத்தளம் ஓரிடத்தில் 'தும்' என்று முழங்கி, ஓரடி தள்ளினால் காணாமற்போவது இதனாலேயே. "சமன்செய் கருவி இருக்கிறதே" என்பார் விற்பனையாளர். அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் எவ்வளவு விசையைக் கூட்டினாலும் அழிவும் அவ்வளவே கூடும்.

"அக்காலத் தோட்டப் பள்ளியில் இதெல்லாம் பார்த்தா படித்தோம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் நானும் அவ்வாறே படித்தவன். பலகைச் சுவர், தகரக் கூரை, மூடாத சன்னல். மழை பெய்தால் ஒன்றும் கேட்காது. மழை விட்டால் ஆசிரியரின் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்கும். ஏன்? ஓசை சன்னல் வழியே பால்மரக் காட்டுக்குள் போய்விடும், திரும்பி வராது. சபைன் உறிஞ்சும் திறனுக்கு வைத்த அலகே 'திறந்த சன்னல்' தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் ஈப்போவுக்கும் பிற பட்டணங்களுக்கும் வந்தோம். கல்லும் கண்ணாடியுமாகப் பள்ளி கட்டினோம். நன்றே. ஆயினும் பழைய பலகைப் பள்ளி இலவசமாகத் தந்த ஒன்றை இழந்தோம் என்பதை உணரவில்லை.

ஆகவே, குறைந்த செலவில் செய்யத்தக்கவை இவை:

1. ஒலிப்பெட்டிகளை மூலையில் வைக்காதீர்கள். மூலை தாழ்ந்த ஓசையை வீங்கச் செய்யும். முன்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் வெவ்வேறு இடைவெளி விடுங்கள். பிள்ளைகளின் செவி உயரத்தில் வையுங்கள்.

2. அறையின் நட்ட நடுவிலும் பின்சுவரை ஒட்டியும் பிள்ளைகளை அமர்த்தாதீர்கள். சொல்வதெழுதுதலுக்கு ஒரு பெட்டியே போதும். ஸ்டீரியோவின் முழுப்பயன் இரு பெட்டிக்கும் சம தொலைவில் இருப்பவருக்கே கிட்டும். அது பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஆகுக.

3. நீங்கள் பிள்ளையின் இருக்கையில் அமருங்கள். ஒருவர் பக்கச்சுவரில் முகக்கண்ணாடியை நகர்த்தட்டும். ஒலிப்பெட்டி கண்ணாடியில் தெரியும் இடமே ஓசை முதலில் பட்டுத் தெறிக்கும் இடம். அங்கே உறிஞ்சு பலகை வையுங்கள்.

4. பலகையை நாமே செய்யலாம். 5 செ.மீ. தடிப்புள்ள பாறைக் கம்பளியை மரச்சட்டத்தில் பொருத்தி, காற்றுப் புகும் பருத்தித் துணியால் இறுகப் போர்த்தி, சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி மாட்டவேண்டும். இடைவெளி தாழ்ந்த ஓசைக்கும் உதவும். நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காமலும் காக்கும். வெட்டும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம். பன்னிரு பிள்ளைகள் அமரும் நம் அறைக்கு 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர் அளவில் எட்டுப் பலகை போதும் என்பது என் கணக்கு.

5. சன்னலுக்கு மடிப்பு மிகுந்த கனத்த திரை. தரைக்குப் பாய் அல்லது கம்பளம். பின்சுவருக்குப் பல அளவு நூல்கள் நிறைந்த அலமாரி.

முட்டை அட்டையையும் மலிவான நுரைத் தாளையும் ஒட்டாதீர்கள். தாழ்ந்த ஓசையை அவை தடுப்பதில்லை, எளிதில் தீப்பற்றும். 2003இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் 'தி ஸ்டேஷன்' என்னும் கேளிக்கை விடுதியில் சுவரில் ஒட்டிய நுரை தீப்பற்றி 100 பேர் மாண்டனர்.

இவையனைத்துக்கும் அத்தொகையில் ஒரு பகுதியும் ஒரு சனிக்கிழமைக் கூட்டுப்பணியும் போதும். பழைய ஒலிப்பெட்டியே புதியதுபோல் ஒலிக்கும். பின் ஏன் நாம் செய்வதில்லை? ஒலிப்பெட்டியின்மீது நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம். நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். திரைச்சீலைக்கு எவர் படம் எடுப்பார்? நோய் இது. கொடுப்பவரை நான் குறை சொல்லவில்லை. எது தேவை என்று அவருக்குச் சொல்லாத நம்மையே குறை சொல்கிறேன்.

வள்ளுவர் கேள்விக்கென்று தனி அதிகாரம் வகுத்தார். நம் பாடத்திட்டமும் மொழித்திறன்களுள் கேட்டலையே முதலில் வைக்கிறது. கேட்க இயலாத அறையில் பிள்ளையை அமர்த்திவிட்டுக் கேட்கவில்லை என்று மதிப்பெண் குறைப்பது அறமாகாது.

அடுத்த கூட்டத்தில் இதே கருத்தை மீண்டும் வைப்பேன். அதற்குமுன் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே: நாளை உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்குச் சென்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்