லூர்மரனில் ஒரு வாரம்

நோபெல் பரிசுப் பணத்தைக் கொண்டு ஆல்பெர் காம்யு 1958இல் வீடு வாங்கிய கிராமம், தென் பிரான்ஸில் லுபெரோன் மலையடிவாரத்திலுள்ள லூர்மரன். 1960 ஜனவரியில் கார் விபத்தில் இறந்த அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். வாசகர்களாகிய நாம் அங்கு சென்றால், குடும்பத்தைக் காரில் அமர்த்திவிட்டுக் கல்லறையைக் கண்டு, மாலைக்குள் அடுத்த ஊருக்கு விரைவோம். அதைவிட ஒரு வாரம் வீடெடுத்துத் தங்குவதே தகும் என்போம்.

ஆகஸ்டின் முதல் பாதி வேண்டாம். பிரெஞ்சுக்காரர்களே தெற்கே திரளும் காலம் அது. வாடகையும் வெயிலும் உச்சத்திலிருக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே பள்ளிகள் திறந்ததும் கூட்டம் வடிகிறது. திராட்சை அறுவடையும் நடக்கிறது. நம் பிள்ளைகளின் பள்ளி இடந்தராவிடில், ஆகஸ்டின் கடைசி வாரத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

வீட்டைப் படத்தில் கண்டு மயங்கலாகாது. குறுகிய மாடிப்படியுள்ள பழைய கல்வீடு கண்ணுக்கு அழகு. மூட்டுவலியுள்ள பாட்டிக்கோ அது சிறை. தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை, நடக்கும் தொலைவில் ரொட்டிக்கடை, நண்பகல் வெயிலில் சாத்திவைக்க மரக்கதவுள்ள சன்னல்கள் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமைச் சந்தையில் காய்கனி வாங்கி நாமே சமைக்கலாம்.

காம்யு அங்கே எழுதிக்கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப் பிரதி விபத்து நடந்த இடத்தில் கிடைத்தது. 'முதல் மனிதன்' என 1994இல் வெளிவந்தது. போரில் மாண்ட தந்தை, அதிகம் பேசாத தாய், கண்டிப்பான பாட்டி என்று குடும்பமே நிறைந்த நூல் அது. அந்த ஊருக்கு நம் பாட்டியையும் அழைத்துச் செல்வதால் இலக்கியத்துக்கு ஓர் இழுக்குமில்லை.