குற்றவாளி மாத்திரைச் சீட்டில் இல்லை

ஆன்டிபயாடிக் மருந்துகள் பயனற்றுப் போவதற்கு நோயாளிகளின் அலட்சியமே காரணம் என்பது ஒன்றிய அரசின் ஓயாத பல்லவி. 2016-இல் தொடங்கிய ‘சிவப்புக் கோடு’ பிரச்சாரம், மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை வாங்காதீர்கள் என்று மக்களுக்குப் புத்தி சொன்னது. அறிவுரையில் பிழையில்லை. ஆனால், அதே மருந்தைத் தயாரிக்கும் ஆலைகளின் கழிவுநீர்க் குழாய் குறித்து ஏன் மௌனம்?

ஹைதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கு ‘சுத்திகரிக்கப்பட்டு’ வெளியேறிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் பரிசோதித்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின்! அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில்கூட இவ்வளவு இருப்பதில்லை. நாளொன்றுக்கு வெளியேறிய அளவு ஏறத்தாழ 45 கிலோ. ஸ்வீடன் நாடு முழுவதும் ஐந்து நாட்களில் பயன்படுத்தும் அளவு அது. அந்த நீர் ஓடைகளின் வழியே மஞ்சீரா ஆற்றை நோக்கிச் சென்றது.

ஓடையில் வாழும் பாக்டீரியா இதை எப்படி எதிர்கொள்கிறது? சிப்ரோஃபிளாக்சசின் அதன் டிஎன்ஏ இழையை அறுபடச் செய்கிறது. வெளிப்படும் ஒற்றை இழையின் மீது ரெக்-ஏ என்னும் புரதம் படிகிறது. ஆபத்து வந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. வழக்கமாகப் பழுதுநீக்கும் மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும் லெக்ஸ்-ஏ என்னும் புரதம், உடனே தன்னைத்தானே வெட்டிக்கொண்டு விலகுகிறது. மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன. அறிவியலாளர்கள் இதை எஸ்ஓஎஸ் எதிர்வினை என்கிறார்கள். சேதம் நீடித்தால், பிழை மலிந்த வகையில் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிகளும் இறங்குகின்றன. அப்பிழைகளில் பெரும்பாலானவை வீண். ஏதோ ஒன்று மருந்தை வெல்லும் ஆற்றலைத் தந்துவிடுகிறது. அந்த ஆற்றலுக்குரிய மரபணுக்கள் அண்டை பாக்டீரியாக்களுக்குக் கைமாறுவதும் இந்த நெருக்கடியில் வேகம் பெறக்கூடும்.

இதைத் தூண்டக் கொல்லும் அளவு மருந்து தேவையில்லை, அதற்கும் குறைவானதே போதும். ஆலை வாயிலில் அடர்த்தியாக இருக்கும் மருந்து, ஓடையில் கலந்து நீர்த்துப் போவதால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. பட்டன்சேரு பகுதி ஆற்றுப் படிவுகளில் எதிர்ப்பு மரபணுக்கள் குவிந்து கிடப்பதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒன்றிய அரசுக்கு இது தெரியாததல்ல. ஆலைக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று உச்சவரம்பு விதிக்கும் வரைவு அறிவிக்கையை 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகமே வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் காணாமல் போயின! பலனடைந்தவர்கள் யார் என்பதைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுப்பாடு விதித்தால் மருந்து விலை ஏறும், வேலை பறிபோகும் என்று முதலாளிகள் மிரட்டுவார்கள். மலிவு விலை மருந்தில் அவ்வளவு அக்கறை என்றால், சோவியத் உதவியுடன் உருவான பொதுத்துறை ஐடிபிஎல் நிறுவனத்தை மூட 2016-இல் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தபோது இவர்கள் எங்கே போனார்கள்? புதிய ஆன்டிபயாடிக் கண்டுபிடிப்பதில் லாபம் போதவில்லை என்று பன்னாட்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அந்த ஆராய்ச்சியைக் கைவிடுகின்றன. நோவார்ட்டிஸ் 2018-இல் விலகியது. பழைய மருந்தின் கழிவைக் கொட்டும் செலவு மட்டும் மக்கள் தலையில். எதிர்ப்பாற்றல் பெற்ற பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

வரைவில் இருந்த உச்சவரம்புகளை ஒன்றிய அரசு உடனே அறிவிக்கையில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஆலையின் கழிவுநீர்ப் பரிசோதனை முடிவும், அதில் பணிபுரியும் தொழிலாளரும் ஓடைக்கரை விவசாயியும் படிக்கும்படி அவர்கள் மொழியில் மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும்.