புது சர்வரில் பழைய தரவுத்தளம்: ‘ஓடுகிறதே’ என்றால் போதுமா?

பெட்டாலிங் ஜெயாவில் செக்‌ஷன் 14, எஸ்.எஸ்.2 என்று எந்தக் கடைவரிசையைப் பார்த்தாலும் மாடியில் ஒரு கணக்காய்வு அலுவலகமோ கிளினிக்கோ டியூஷன் மையமோ இருக்கும். பலவற்றில் ஒரு மூலையில் சர்வர் கணினி ஒன்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அது பழுதானால் முதலாளி புதிய கணினி வாங்குவார். புதிய விண்டோஸ் சர்வர் இயங்குதளமும் அதோடு வந்துவிடும். ஆனால் வாடிக்கையாளர் விவரம், கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் தாங்கும் தரவுத்தள மென்பொருள் மட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தியதாகவே இருக்கும். “பழையதையே புதுக் கணினியில் ஏற்றி ஓடவை” என்பார்கள். பயிற்சிப் பணிக்குப் போகும் மாணவரின் கையில் வந்து விழுவதும் இந்த வேலையாக இருக்கலாம்.

அது தவறான முடிவு என்பது என் கருத்து. பழைய கணினியில் பழைய மென்பொருள் இருந்தால் எல்லாருக்கும் கொஞ்சம் பயமாவது இருக்கும். கணினி புதிதாகிவிட்டால் அந்தப் பயமும் போய்விடுகிறது. இயங்குதளத்திற்கு மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதைப் பார்த்து எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். தரவுத்தளத்திற்கு ஒன்றும் வருவதில்லை என்பது யார் கண்ணிலும் படாது.

மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வரையே எடுத்துக்கொள்வோம். (பெயரில் சர்வர் இருந்தாலும் அது கணினி அல்ல, மென்பொருள்.) அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் பத்தாண்டு ஆதரவு உண்டு. 2005 பதிப்புக்கு 2016 ஏப்ரல் 12இல் அது முடிந்தது. 2008 பதிப்புக்கு 2019 ஜூலை 9இல், 2012 பதிப்புக்கு 2022 ஜூலை 12இல். 2016 பதிப்புக்கான கெடு 2026 ஜூலை 14. தவிர, 2005 பதிப்பை விண்டோஸ் சர்வர் 2012இல் நிறுவுவதை மைக்ரோசாப்ட் ஆதரிக்கவே இல்லை. எப்படியோ ஓடவைத்தாலும், கோளாறு வந்தால் கேட்க ஆள் இல்லை.

திருத்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2003 ஜனவரி 25இல் உலகமே பார்த்தது. ‘ஸ்லாமர்’ என்ற கணினிப் புழு எஸ்கியூஎல் சர்வர் 2000இல் இருந்த ஓட்டை வழியே புகுந்தது. அதன் அளவு வெறும் 376 பைட். பத்தே நிமிடத்தில், தாக்கக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் பணம் வழங்கும் இயந்திரங்கள் முடங்கின. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதத்திற்கு முன்பே, 2002 ஜூலையில், வெளியாகியிருந்தது. பலர் அதை நிறுவவில்லை, அவ்வளவுதான். ஆதரவு முடிந்த மென்பொருளை வைத்திருப்பவருக்கோ நிறுவுவதற்குத் திருத்தமே கிடையாது.

“எங்கள் சர்வர் வெளியே தெரியாது, ஆபீசுக்குள்தான் இருக்கிறது” என்று சொல்வார்கள். ஓஹாயோவின் டேவிஸ் பெஸி அணுமின் நிலையத்திலும் தடுப்புச் சுவர் இருந்தது. ஒப்பந்ததாரர் ஒருவரின் தனி இணைப்பு வழியே ஸ்லாமர் உள்ளே நுழைந்து, பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் கணினி அமைப்பை ஏறத்தாழ 5 மணி நேரம் முடக்கியது. அப்போது அந்த உலை இயங்காமல் இருந்தது நல்லகாலம். நம் நாட்டில் 2024 ஆகஸ்டு 1 முதல் இ-இன்வாய்ஸ் முறை படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. கணக்கு மென்பொருளிலிருந்தே இன்வாய்ஸ் அனுப்பும் கடைக்காரரின் தரவுத்தளத்தை, வெளியுலகத் தொடர்பே இல்லாதது என்று எப்படிச் சொல்வது?

சட்டமும் இறுகிவிட்டது. திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விதிகளை மீறும் நிறுவனத்திற்கு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். பெரும் தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

செலவுதான் காரணம் என்பது புரிகிறது. மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுப் போயிருப்பார். தரவை இடம் மாற்றுவதும் எளிதல்ல. 2000 பதிப்பின் தரவுத்தளத்தை நேராக 2012 பதிப்புக்குள் கொண்டுவர முடியாது. நடுவில் 2005 அல்லது 2008 என்று ஒரு படி ஏறி இறங்க வேண்டும். புதிய பதிப்பில் எடுத்த காப்புநகலைப் பழைய பதிப்பில் மீட்கவும் முடியாது. ஆகவே பழையதை அழிப்பதற்கு முன் ஒத்திகை அவசியம்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, அது தமிழ் எழுத்து. யூனிகோட் பரவுவதற்கு முன் ஆளுக்கொரு குறியீட்டில் தட்டச்சு செய்தோம். கோயில் நன்கொடைப் பட்டியல், சங்க உறுப்பினர் பட்டியல், நூலகப் பட்டியல் போன்றவை அந்த எழுத்துருக்களை நம்பியே சேமிக்கப்பட்டன. தரவு பத்திரமாகப் புது இடத்திற்கு வந்துவிடும். ஆனால் பழைய எழுத்துரு இல்லாததால் பெயர்கள் எல்லாம் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகும், புதிய தரவுத்தளத்தின் புலம் யூனிகோடை ஏற்காத வகையாக இருந்தால், ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட பெயரை அதிலிருந்து திரும்பப் பெற வழியே இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்காவிட்டால், பிழை நடந்ததே தெரியாமல் போகும்.

4ஆம் படிவக் கணினி அறிவியலிலேயே தரவுத்தளத்திற்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. ஆனால் பயிற்சிகள் பெரும்பாலும் காலி அட்டவணையில்தான் தொடங்குகின்றன. கல்லூரி இறுதியாண்டுத் திட்டங்களும் அப்படித்தான். அலுவலகத்தில் யாரும் உங்களுக்குக் காலி அட்டவணை தரப்போவதில்லை. எஸ்கியூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ், டெவலப்பர் பதிப்புகளும் போஸ்ட்கிரெஸ்ஸும் இலவசம். உங்கள் ஊர்ச் சங்கத்திடம் அனுமதி கேட்டு அதன் பழைய உறுப்பினர் பட்டியலின் நகல் ஒன்றை வாங்கி, ஒரு பெயர்கூடச் சிதையாமல் அதைப் புதிய தரவுத்தளத்திற்கு மாற்றிக் காட்டுவதையே இறுதியாண்டுத் திட்டமாக எடுத்துக்கொள்ளலாமே. உங்கள் விரிவுரையாளர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.