பீடி சுற்றும் தாய் யாருடைய தொழிலாளி?

மேலப்பாளையத்தில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் நம் தாய்மார்கள் யாருடைய தொழிலாளிகள்? இலையும் தூளும் கம்பெனியுடையது. கட்டை எண்ணிக் கழிப்பதும், கூலியைத் தீர்மானிப்பதும் கம்பெனியே. பி.எஃப். கேட்டால் மட்டும், "வீட்டில் சுற்றுபவர் எங்கள் ஆளல்ல, ஏஜெண்டைக் கேள்" என்பார்கள். என்னே சாமர்த்தியம்!

வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்று 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தெளிவாகச் சொன்னது. முதலாளிகள் வழக்காடினர். சட்டம் செல்லும் என 1974-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதையும் ஏய்க்க ஒரு நாடகம் உண்டு. இலையைப் பெண்ணுக்கு விற்றதாகவும், பீடியை அவளிடம் விலைக்கு வாங்கியதாகவும் கணக்கெழுதினால் அவள் 'வியாபாரி' ஆகிவிடுகிறாள்! உங்கள் வீட்டுப் பெண்களின் பாஸ் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது? இன்றே எடுத்துப் பாருங்கள்.