மலையூரில் பிள்ளை பெற்றவள்

பிள்ளை பிறந்த வீட்டிலே எல்லோர் கண்ணும் குழந்தை மீதே இருக்கும். தாயின் முகம் வெளிறியிருப்பதையும், சிறிது நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்குவதையும் "பிள்ளை பெற்ற களைப்பு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது களைப்பா, இரத்தச்சோகையா என்றறிய வைத்தியர்கள் ஈமோகுளோபின் அளவைச் சோதிப்பர். ஆனால், மலைமீது வாழும் தாயிடத்து அவ்வளவும் ஏமாற்றக்கூடும்.

ஈமோகுளோபின் என்பது இரத்தத்தின் செங்கலங்களிலுள்ள, இரும்புச்சத்துக் கொண்ட பொருளாகும். பிராணவாயுவைச் சுமப்பது அதன் தொழில். உயரம் ஏற ஏறக் காற்றமுக்கம் குறைந்து, மூச்சிலே கிடைக்கும் பிராணவாயுவும் குறைகின்றது. இதையுணர்ந்த சிறுநீரகம் ஒருவகைச் சுரப்பை அனுப்ப, என்புமச்சை செங்கலங்களைக் கூடுதலாக ஆக்குகின்றது. 1890ஆம் ஆண்டிலே வியோ என்னும் பிரெஞ்சு அறிஞர் பெரு நாட்டின் மொறொகோச்சா என்ற மலையூரில் தம் இரத்தத்தையே சோதித்தார். கன மில்லிமீற்றருக்கு 50 இலட்சமாயிருந்த செங்கலங்கள் மூன்று வாரங்களில் ஏறத்தாழ 80 இலட்சமாகியிருந்தன.

கர்ப்பகாலத்தில் நிகழ்வதோ வேறு. இரத்தத்தின் நீர்ப்பகுதி செங்கலங்களிலும் மிகுதியாகப் பெருகுவதால் ஈமோகுளோபின் அளவு இறங்குகின்றது. பிரசவத்தின் பின்னர் அந்நீர் வடிய, அளவு மெல்ல ஏறி, ஆறு வாரமளவில் பழைய நிலையை எய்தவேண்டும். பிரசவத்தில் இரத்தம் அதிகம் போயிருந்தாலும், உடலின் இரும்புச்சத்து வற்றியிருந்தாலும் அது ஏறாது நின்றுவிடும்.

எவ்வளவு ஏறினால் போதும்? கடல்மட்டத்தில் வாழும், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராம் கீழெல்லையாகும். உயரத்துக்கேற்ப அவ்வெல்லையையும் உயர்த்தவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொலிவியாவின் லா பாஸ் நகரம் ஏறத்தாழ 3,600 மீற்றர் உயரத்திலுள்ளது. 2024ஆம் ஆண்டின் வழிகாட்டியின்படி அங்கே 2.5 கிராம் கூட்டவேண்டும், எல்லை 14.5 ஆகின்றது. ஆகவே, பிரசவமாகி இரண்டு மாதத்தின் பின் 13 கிராம் உடைய தாய் கொழும்பிலாயின் குறைவற்றவள். லா பாசிலாயின் சோகையுற்றவள்.

நமது நுவரெலியாவும் 1,868 மீற்றர் உயரமுடையது. அவ்வுயரத்துக்குக் கூட்டவேண்டியது 1.1 கிராம். கொழுந்து பறிக்கச் செல்லும் தாயின் சோதனைத் துண்டில் 12.3 என்றிருப்பின், அது போதுமென்று நினைப்பது தவறு.

ஆதலால், தாய்மாரே, பிரசவத்தின் பின்னும் ஒருமுறை இரத்தத்தைச் சோதிப்பியுங்கள். வசிக்கும் ஊரின் உயரத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் தரும் இரும்புச்சத்துக் குளிகைகளை இடையில் நிறுத்தாதீர்கள். கீரை, பருப்பு, மீன் ஆகியவற்றுடன் தேசிக்காய்ப் புளி சேர்த்து உண்டால் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும். வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: களைத்திருப்பவளைச் சோம்பேறி என்னுமுன் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.